மூன்று ஜோடி காட்டவும்

கோயம்புத்தூர்
25-1-1993

அன்புள்ள அண்ணனுக்கு, தங்கை நாகவல்லி எழுதிக்கொண்டது.

நானும் உன் மாப்பிள்ளையும் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். அண்ணி கட்டிக் கொடுத்த புளிச்சோறு காட்பாடி வருவதற்குள் காலி. மில் தூசியால் அவருக்கு வந்த இருமல் இப்போது பரவாயில்லை. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? பாப்பா படிக்கிறாளா, டி.வி. பார்க்கிறாளா?

பொங்கலன்று என்னைப் பேப்பர் மேல் நிற்க வைத்து, காதோரம் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் காலைச் சுற்றிக் கோடு போட்டாயே, அப்போது ஒன்று கேட்டாய். "ஆபீஸ்ல குந்திகினு எழுதறவளுக்கு கட்டைவெரலாண்ட எப்படிம்மா கொப்புளம்?" அண்ணியும் பாப்பாவும் பக்கத்தில் இருந்ததால் மழுப்பிவிட்டேன். இப்போது சொல்கிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

என் வேலை உட்கார்ந்து எழுதுவதல்ல அண்ணா. சாமான் வாங்க வந்தவள் மாதிரி கடை கடையாகப் போய் நடிப்பது. சோப்பு கம்பெனி, மிக்ஸி கம்பெனி எல்லாம் எங்கள் ஏஜென்சியிடம், "எங்கள் சரக்கைக் கடையில் எப்படி விற்கிறார்கள், வந்தவரை மதிக்கிறார்களா, பார்த்துச் சொல்லுங்கள்" என்று வேலை கொடுக்கிறார்கள். நான் போய்க் கேள்வி கேட்டு, சண்டை போட்டு, வாங்கியோ வாங்காமலோ வெளியே வந்து, பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து தாளை நிரப்ப வேண்டும். நாளுக்குப் பத்துக் கடை. யாரென்று தெரிந்துவிட்டால் அந்தக் கடைத் தாள் செல்லாது.

போன வாரம் ஒரு பாத்திரக் கடைக்கு இரண்டாம் தடவை போகச் சொன்னார்கள், வேறு ஆள் மாதிரி. புடவையை மாற்றி, கொண்டையை மாற்றி, மூக்குக்கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு போய், "இந்த குக்கர் இன்னா வெல?" என்றேன். கடைக்காரர் சிரித்துவிட்டார். "வாங்க அம்மணி, போன வாரமும் மெட்ராஸ்காரங்க நீங்கதானுங்களே வந்தது?" அத்தனை வேஷமும் ஒரு 'இன்னா'வில் போயிற்று.

இன்னொன்றும் உன்னிடம் மட்டும் சொல்கிறேன். வேலைக்குச் சேரும்போது, கடையில் வேலை செய்யும் உறவினர் உண்டா என்று கேட்ட இடத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டேன். உண்டு என்றால் எடுக்கமாட்டார்களாம். நீ ஆவடியில் செருப்புக் கடை சேல்ஸ்மேன். கோயம்புத்தூர் எங்கே, ஆவடி எங்கே என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணிக்கு என் அன்பு. பதில் போடு.

உன் தங்கை,
வல்லி


திருமுல்லைவாயில்
7-2-1993

தங்கச்சி வல்லிக்கு அண்ணன் வீராசாமியின் ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். என் முதுகு அப்படியேதான் இருக்கிறது. பதினெட்டு வருஷமாகக் குனிந்து குனிந்து ஊரார் காலைப் பிடிக்கிற முதுகு, வேறு எப்படி இருக்கும்? பாப்பா பத்தாவது பரீட்சைக்குப் படிக்கிறாள். டி.வி. முன்னால் உட்கார்ந்து படிக்கிறாள்.

நீ கிழிக்கச் சொன்ன கடிதத்தைக் கிழிக்கவில்லை. ஒரு செருப்புப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டேன். அடிப் பாவி, வேஷக்காரியா நீ! சின்ன வயசில் பள்ளிக்கூடம் போகாமலிருக்க வயிற்றுவலி என்று நீ உருண்டபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. நாளுக்குப் பத்துக் கடை நடக்கிறவள் அந்தப் பிசாத்துச் செருப்பைப் போட்டுக்கொண்டு போகலாமா? கட்டைவிரல் வளையம் இறுக்கம், அடியில் ஆணி வேறு மேலே வந்திருக்கிறது. எங்கள் கடைக்கு ஐயப்பன்தாங்கல் டெப்போவிலிருந்து வேம்புலி என்று ஒரு கண்டக்டர் மூன்று பஸ் மாறி வருவார். நாளெல்லாம் நிற்கிற மனுஷன். காலையில் வந்தால் செருப்பே காட்டமாட்டேன். "சாயங்காலமா வா நைனா, அப்பதான் உன் காலு உண்மை பேசும்" என்று அனுப்பிவிடுவேன். கால் வீங்கின பிறகு அளவெடுத்தால்தான் அந்தச் செருப்பு அவரைக் கடிக்காது. அவரும் திட்டிக்கொண்டே போய்ச் சாயங்காலம் வந்து நிற்பார்.

உன் கால் படத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நல்ல தோல் வரட்டும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வை.

அண்ணன்,
வீராசாமி


கோயம்புத்தூர்
28-2-1993

அன்புள்ள அண்ணா,

கடிதம் வந்தது. நீ சொன்னபடி உப்புத் தண்ணீரில் கால் வைத்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். அண்ணியின் பால்வாடி வேலை எப்படிப் போகிறது?

இந்த மாதம் எனக்குக் கிடைத்த வேலை மாதிரி எதிரிக்கும் கிடைக்கக் கூடாது. மிக்ஸி வாங்கி மறுநாளே கொண்டுபோய், "சரியில்லை, திருப்பி எடுத்துக்கொள்" என்று கத்த வேண்டும். மிக்ஸியில் ஒரு குறையும் இல்லை. கடைப்பையன் பொறுமையாக இருக்கிறானா என்று பார்க்கத்தான். நானும் கத்தினேன். அந்தப் பையன் முகம் வெளுத்துப்போய், "அக்கா, இன்னிக்குத்தானுங்க நான் வேலைக்குச் சேர்ந்தேன், முதலாளிகிட்டச் சொல்லிப்போடாதீங்க" என்றான். அவனுக்குத் தாளில் நூற்றுக்கு நூறு போட்டேன். பொய்யில்லை அண்ணா, கடைசி வரை குரலை உயர்த்தவே இல்லை அவன்.

நல்ல செய்தியும் உண்டு. அடுத்த மாதத்திலிருந்து பாதி நாள் நடை, பாதி நாள் மேஜை. மெட்ராஸ் பக்கத்திலிருந்து வரும் தாள்களைச் சரிபார்த்து மார்க்குப் போடும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார் எங்கள் மேலாளர் ஹபிபுல்லா சார். "ஊர் பேர் எல்லாம் உனக்குத்தான் தெரியும்" என்றார். கொப்புளமும் பாதியாகும் பார்.

உன் தங்கை,
வல்லி


திருமுல்லைவாயில்
14-3-1993

வல்லிக்கு அண்ணன் எழுதுவது.

நாங்கள் சுகம்தான், உடம்பளவில். உனக்கு மேஜை கிடைத்ததில் உன் அண்ணிக்கு ஏக சந்தோஷம். (ஆபீஸ் வேலைதான் என்று அவள் இன்னும் நம்புகிறாள். நான் வாயைத் திறக்கவில்லை.)

இங்கே கடையில் பேஜாராகிவிட்டது. தலைமை ஆபீஸிலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. இனிமேல் நம் கடைகளுக்கு யாரென்று தெரியாத வாடிக்கையாளர் வருவாராம், சேல்ஸ்மேனுக்கு மார்க்குப் போடுவாராம். புது மேனேஜர் செங்கல்வராயன் பன்னிரண்டு விதிகளைச் சரக்கறைக் கதவில் ஒட்டியிருக்கிறார். ஒரு நிமிஷத்துக்குள் வரவேற்கவும். மூன்று ஜோடி காட்டவும். சாக்ஸ் வேண்டுமா எனக் கேட்கவும். பாலிஷ் வேண்டுமா எனக் கேட்கவும். வாங்காமல் போகவிடாதிருக்க முயலவும். இப்படியே போகிறது.

நூற்றுக்கு அறுபது வாங்க வேண்டும். இரண்டு தடவை குறைந்தால் நெல்லூர் கிடங்குக்கு மாற்றம். நெல்லூர்கூடப் பரவாயில்லை வல்லி, கிடங்குதான் எனக்குப் பயம். அங்கே காலே கிடையாது, வெறும் பெட்டி. மனுஷக் காலைப் பார்க்காமல் நான் என்ன செய்வேன்? உன் அண்ணி பால்வாடியை விட்டு வரமுடியாது. பாப்பாவை இங்கேயேதான் பதினொன்றாவது சேர்க்க வேண்டும். நான் மட்டும் தனியாகப் போய்ப் பெட்டிக்கு நம்பர் ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

கடையில் இப்போது எவன் வந்தாலும் சந்தேகம். நேற்று தபால்காரர் கையெழுத்து வாங்க வந்தார். என்னோடு வேலை செய்யும் கஜபதி அவர் கையைப் பிடித்து உட்கார வைத்து, மூன்று ஜோடி காட்டி, சாக்ஸும் காட்டிவிட்டான். "யோவ், நான் தபால் குடுக்க வந்தவன்யா!" என்கிறார். "அப்டித்தான் சொல்லுவீங்கோ, எங்களுக்குத் தெரியும்" என்கிறான் இவன். பாவம், அவரும் வெட்கப்பட்டு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு போனார்.

ஆமாம், இது உங்கள் ஏஜென்சியா? எந்த மாதம் வருவார்கள், ஆணா பெண்ணா? ஒரு வரி எழுதிப் போடேன்.

அண்ணன்,
வீராசாமி


கோயம்புத்தூர்
4-4-1993

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் நலத்துக்கு மருதமலை முருகனை வேண்டிக்கொண்டேன். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது, ஆனாலும் சாயங்காலம் காற்று வருகிறது. பக்கத்து வீட்டில் மாவடு கொடுத்தார்கள், ஊறப் போட்டிருக்கிறேன். அவருக்கு இருமல் சுத்தமாக நின்றுவிட்டது. பாப்பா பரீட்சை நன்றாக எழுதினாளா?

வேறு விசேஷம் ஒன்றுமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் அண்ணா.

உன் தங்கை,
வல்லி


திருமுல்லைவாயில்
20-4-1993

வல்லிக்கு அண்ணனின் ஆசீர்வாதம். அனைவரும் சௌக்கியம். பாப்பா கணக்கில் மட்டும் முகத்தைச் சுளிக்கிறாள், மற்றதெல்லாம் நன்றாக எழுதியிருக்கிறாளாம்.

மாவடுவைப் பற்றி எழுதினாய். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாலு பக்கம் எழுதுகிறவள் அரைப் பக்கம் எழுதினால் எனக்குத் தெரியாதா? புரிந்துகொண்டேன். இனி அதைப் பற்றிக் கேட்கமாட்டேன். நீயும் எழுத வேண்டாம். நான் என் கதையை மட்டும் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, நல்ல வெயிலில், ஒரு பெண் வந்தாள். இருபத்தைந்து வயசிருக்கும். நான் "வாம்மா, குந்து" என்றதும் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கஜபதி என் முதுகில் கிள்ளினான்.

"எங்கேர்ந்துமா வர்றே?" என்றேன்.

"இங்கதாங்க, ரெண்டு தெரு தள்ளி. ஸ்கூட்டர்ல வந்தேன். ஆபீசுக்குப் போட்டுகினு போறா மாதிரி நல்ல செருப்பா காட்டுங்க."

காலைப் பிடித்துத் தூக்கினேன். ஸ்கூட்டரில் வந்த காலா அது? கணுக்கால் வரைக்கும் மூன்று பஜார் மண். கட்டைவிரல் பக்கம் கொப்புளம் உடைந்து சிவந்து கிடக்கிறது. செருப்பைத் திருப்பினால் உள்ளே ஆணி முனை. பொங்கலுக்கு உன் காலில் பார்த்தேனே, அதே இடம், அதே கொப்புளம். யார் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது.

கஜபதி பெட்டி அடுக்குக்குப் பின்னாலிருந்து மூன்று விரலைத் தூக்கிக் காட்டுகிறான். மூணு ஜோடி, மூணு ஜோடி! எனக்குத் தெரியாதா? ஆனால் கை போகவில்லை வல்லி. அந்தப் புண் மேல் புதுத் தோலை எப்படி மாட்டுவது?

"இன்னிக்கு உனக்கு புதுசு வேணாம்மா. இத கழட்டு" என்று சொல்லிவிட்டேன்.

"இல்லீங்க, புதுசு காட்டுங்களேன்."

"புண்ணு ஆறட்டும். பத்து நாள் கயிச்சி சாயங்காலமா வா, ஷோக்கா ஒண்ணு எடுத்துத் தர்றேன்."

பாவம், மறுபடியும் கேட்டாள், கேட்கத்தான் அனுப்பியிருக்கிறார்கள். நான் அதற்குள் ஆணியைத் தட்டி மடக்கி, வளையத்தைக் கட்டையில் மாட்டி இழுத்து வைத்துவிட்டேன். புண்ணைத் துடைக்க ஈரப் பஞ்சு கொடுத்தேன். இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு நான்கடி நடந்து பார்த்தாள். வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

மார்க்குப் போகும் என்று தெரிந்துதான் செய்தேன். கோயம்புத்தூரில் எவனாவது ஒரு செருப்புக்காரன் என் தங்கச்சியை உட்கார வைத்து இப்படிப் பார்த்தானா என்று நினைத்தேன், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் மனசு நன்றாக இருந்தது. மறுநாள் காலையில் எழுந்ததும் நெல்லூர் ஞாபகம்தான் வந்தது என்பதும் உண்மை.

அண்ணன்,
வீராசாமி


திருமுல்லைவாயில்
31-5-1993

அன்புத் தங்கைக்கு,

நலமா? நான் கடிதம் போட்டு நாற்பது நாளாகியும் உன்னிடமிருந்து ஒரு கார்டுகூட இல்லை. மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா? உன் அண்ணி தினமும் கேட்கிறாள்.

மார்க்கு வந்தது. முப்பத்து நாலு. செங்கல்வராயன் எல்லோர் முன்னாலும் படித்தார். "இன்னா வீராசாமி, சீனியர் ஆளு நீ, ஒரு சாக்ஸ்கூட கேக்கலியாமே?" என்றார். தலையைக் குனிந்துகொண்டேன். இன்னும் ஒரு தடவை வருவார்கள். அதிலும் போனால் நெல்லூர்.

பாப்பா பாஸ். கணக்கிலும் பாஸ்.

இரண்டு வரி போதும், எழுது.

அண்ணன்


கோயம்புத்தூர்
12-6-1993

அன்புள்ள அண்ணாவுக்கு வல்லி எழுதுவது.

உன் மாப்பிள்ளை நன்றாக இருக்கிறார். நான்தான் நன்றாக இல்லை. பாப்பா பாஸானதற்கு மட்டும் தனியாக ஒரு வாழ்த்துக் கார்டு வாங்கி வைத்திருக்கிறேன், இதோடு சேர்த்து அனுப்ப மனசு வரவில்லை.

அண்ணா, உனக்கு அந்த முட்டைகளைப் போட்டது நான்தான்.

ஏப்ரல் இருபத்தோராம் தேதி ஆவடித் தாள் என் மேஜைக்கு வந்தது. விற்பனையாளர் அடையாளம் என்ற இடத்தில், 'வயது நாற்பத்தைந்து இருக்கும், காதோரம் பென்சில்' என்று இருந்தது. நீதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. மூன்று ஜோடி காட்டினாரா? இல்லை. சாக்ஸ்? இல்லை. பாலிஷ்? இல்லை. விற்க முயன்றாரா? வாங்க வேண்டாம் என்று சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஒரு முட்டை.

எங்கள் தாள்கள் எல்லாம் பென்சிலில்தான் எழுதப்படும், திருத்த வசதியாக. ரப்பர் என் கைப்பக்கத்திலேயே இருந்தது. நாலே நாலு 'இல்லை'யை அழித்தால் போதும், அறுபதைத் தாண்டிவிடுவாய். ஒரு மணி நேரம் அந்த ரப்பரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் உள்ளபடியே மார்க்குப் போட்டேன். போட்டுவிட்டு ஹபிபுல்லா சாரிடம் போய், "இவர் என் கூடப் பிறந்த அண்ணன் சார், சேரும்போது மறைத்துவிட்டேன்" என்று சொல்லி அழுதுவிட்டேன்.

அவர் தாளை மூன்று முறை படித்தார். "தாளை நீ திருத்தலை. அதனாலதான் உனக்கு இந்த வேலை மிஞ்சுது. ஆனா பொய் சொல்லிச் சேர்ந்தது தப்பும்மா" என்றார். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, மேஜையை எடுத்துவிட்டார்கள். ஆறு மாதத்துக்கு முழு நாளும் நடைதான். உன் கம்பெனி தாள்களை இனி நான் தொடமுடியாது, யார் எப்போது வருவார்கள் என்பதும் எனக்குத் தெரியாது.

மார்க்குப் போட்டு மூன்றாம் நாள் உன் கடிதம் வந்தது. என் காலை நினைத்துத்தான் நீ அப்படிச் செய்தாய் என்று படித்தேன். அந்தக் காலுக்குத்தான் நான் முட்டை போட்டிருக்கிறேன். இதை எந்த முகத்தோடு உனக்கு எழுதுவேன், சொல்.

தாளின் அடியில் கருத்து எழுத ஓர் இடம் உண்டு. யாரும் படிப்பதில்லை. அந்தப் பெண் அதில் எழுதியிருந்தாள்: 'இன்று போன பத்துக் கடைகளில் என் காலைப் பார்த்தவர் இவர் ஒருவரே.' அதற்கு மார்க்கு இல்லை அண்ணா.

நீ நெல்லூர் போக நேர்ந்தால் அது என்னால்தான். என்னைத் திட்டியாவது ஒரு கடிதம் போடு.

வல்லி


திருமுல்லைவாயில்
19-6-1993

அடி லூசுத் தங்கச்சி,

இங்கே எல்லோரும் நலம். நீயும் நலமாகத்தான் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உதைப்பேன்.

இன்னா இப்போ? நான் சாக்ஸ் காட்டினேனா? இல்லை. பாலிஷ்? இல்லை. அப்புறம் முட்டை போடாமல் மாலையா போடுவாய்? நீ ரப்பரை எடுத்திருந்தால்தான் எனக்குத் தலைகுனிவு. ஆணி முனை மேல் அட்டையை ஒட்டி விற்கிறவனை எனக்குப் பிடிக்காது. என் தங்கச்சி அப்படிச் செய்யவில்லை என்பதில் எனக்கு ரொம்பப் பெருமை. இதை நேரில் சொல்ல வெட்கமாக இருக்கும், அதனால் எழுதுகிறேன்.

உன் அண்ணியிடம் சொன்னேன். முதலில் குதித்தாள். "கூடப் பொறந்தவளே முட்டை போட்டுட்டாளா? நெல்லூருக்கு அவளே வந்து சோறாக்கிப் போடுவாளா?" என்று பாத்திரத்தை உருட்டினாள். நான் செருப்புப் பெட்டியை எடுத்துவந்து, முதலிலிருந்து உன் கடிதம் அத்தனையும் படித்துக் காட்டினேன். முழு நாளும் நடை என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னாள். உருட்டின பாத்திரத்தை எடுத்து அடுக்கினாள். அப்புறம் கேட்டாள்: "அவ இப்போ காலுக்கு இன்னா போட்டுகினு கீறா?"

பதில் எழுது. பழைய மாதிரி நாலு பக்கம் எழுது.

அண்ணன்,
வீராசாமி


திருமுல்லைவாயில்
10-8-1993

அன்புத் தங்கை வல்லிக்கு,

நாங்கள் நலம். பாப்பா பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்து, மிதிவண்டி வேண்டுமென்று உண்ணாவிரதம் இருக்கிறாள். மத்தியானம் வரைக்கும்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன மாசக் கடைசியில் ஒரு ஆள் வந்தார். சட்டையை உள்ளே விட்டு, இன்ஷர்ட் பண்ணிக்கொண்டு. வந்து உட்கார்ந்ததும் கடிகாரத்தைப் பார்த்தார். நான் காலைப் பார்த்தேன். என்ன கால் தெரியுமா! ஒரு கீறல் இல்லை, ஒரு காய்ப்பு இல்லை, பிறந்த குழந்தையின் கால் அப்படியே பெரிதாகிவிட்ட மாதிரி. புதுசாக வேலைக்குச் சேர்ந்தவர் போலிருக்கிறது, இன்னும் நடக்க ஆரம்பிக்கவில்லை.

அப்படிப்பட்ட காலுக்கு என்ன தயவு? மூன்று ஜோடி என்ன, ஒன்பது ஜோடி காட்டினேன். அவரும் இறுக்கம் என்றார், தளர்வு என்றார், கலர் பிடிக்கவில்லை என்றார். ஒவ்வொன்றுக்கும் "பரவால்ல சார், இத போட்டுப் பாருங்கோ" என்றேன். சாக்ஸ் இரண்டு ஜோடி, பாலிஷ் ஒரு டப்பா, பிரஷ், செருப்பு மாட்டுகிற கரண்டி வரைக்கும் தலையில் கட்டிவிட்டேன். போகும்போது "நன்றி, மீண்டும் வருக" என்று பலகையில் எழுதியிருப்பதைப் பார்த்துப் படித்தேன். மனுஷன் இரண்டு கையிலும் பையோடு திக்குமுக்காடிப் போனார்.

தொண்ணூற்றாறு! செங்கல்வராயன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நெல்லூர் இல்லை. கதவில் ஒட்டின தாளின் ஓரத்தில் கஜபதி பென்சிலால் பதின்மூன்றாவது விதி எழுதியிருக்கிறான், 'முதலில் காலைப் பார்க்கவும்' என்று. மேனேஜர் பார்த்தார், கிழிக்கவில்லை.

இன்னொரு செய்தி. போன சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பெண் வந்தாள், ஏப்ரலில் வந்தவள். இந்தத் தடவை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பூந்தமல்லியாம், பெயர் நஜ்மாவாம், கூட அவள் அம்மா. "புண்ணு ஆறினப்பறம் சாயங்காலமா வரச் சொன்னீங்களே" என்றாள். நானும் எதுவும் கேட்கவில்லை, அவளும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் நல்லதாக எடுத்துக் கொடுத்தேன். அம்மாவுக்கு மட்டும் சாக்ஸ் வேண்டுமா என்று கேட்டேன். பழக்கதோஷம்.

ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். பிரித்ததும் சாயங்காலமாகப் போட்டுப் பார்.

அண்ணன்,
வீராசாமி


கோயம்புத்தூர்
29-8-1993

அன்புள்ள அண்ணாவுக்கும் அண்ணிக்கும் வல்லியின் வணக்கம். நாங்கள் மிகவும் நலம். அவர் மில்லில் போனஸ் பேச்சு ஆரம்பித்துவிட்டதால் நல்ல மூடில் இருக்கிறார்.

தொண்ணூற்றாறு என்று படித்ததும் வாசலில் நின்றுகொண்டே கத்திவிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா, பாப்பாவுக்கு மார்க்கு வந்ததா என்று கேட்டார். இல்லை, அண்ணனுக்கு என்றேன். அந்த ஆளை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. கரண்டி எதற்கு அண்ணா அவருக்கு?

பார்சல் வந்தது. நீ சொன்னபடி சாயங்காலம் வரை பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே காத்திருந்து போட்டேன். அடியில் மடித்து வைத்திருந்த பேப்பரையும் பார்த்தேன். பொங்கல் அன்றைய பேப்பர், நடுவில் என் கால், கட்டைவிரல் பக்கம் 'இங்கே மெத்தென்று' என்று உன் கையெழுத்து, கீழே பொங்கல் தேதி. ஜனவரியிலேயே எழுதி வைத்திருக்கிறாய். நான் முட்டை போடுவதற்கும் முன்னால். வெகுநேரம் அழுதேன், உன் மாப்பிள்ளை பயந்துவிட்டார்.

அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு எட்டு நாள் நடந்தாயிற்று. எண்பது கடை. கொப்புளம் ஒன்றுகூட இல்லை. எட்டாம் நாள் ஒரு செருப்புக் கடைக்கே போகச் சொன்னார்கள். அங்கிருந்த பெரியவர் என் காலைப் பார்த்துவிட்டு, "இதைய விட நல்லது எங்ககிட்ட இல்லீங்க அம்மணி" என்று சொல்லிவிட்டார். விற்க முயன்றாரா என்ற இடத்தில் 'இல்லை' என்றுதான் போட்டேன். அடியில் கருத்து எழுதும் இடத்தை மட்டும் நிரப்பி, போதாமல் பின்பக்கமும் எழுதிவிட்டேன்.

எங்கள் தாளில் கடைசியாக ஒரு கேள்வி உண்டு: உங்கள் சொந்தத் தேவைக்கு இந்தக் கடைக்கு மறுபடி வருவீர்களா? உன் கடையைப் பற்றி இன்னும் யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். தீபாவளிக்கு நாங்கள் இருவரும் வருகிறோம், அவர் காலுக்கும் பேப்பர் எடுத்து வை.

இதைப் பேனாவில் எழுதியிருக்கிறேன் அண்ணா.

உன் தங்கை,
நாகவல்லி